கடைசியில் வாசித்துக் காட்டினார்கள்

அன்புள்ள வசந்தி,

பொங்கலுக்குப் பேசியதோடு சரி. உன் கடிதம் வந்து மூன்று மாதம் மேசையிலேயே கிடந்தது. ஒவ்வொரு முறை அதைப் பார்க்கும்போதும் மனசு உறுத்தும். மூட்டுவலி எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்னதைக் கேட்கிறாயா, இல்லை இன்னும் அந்தப் பச்சை எண்ணெய்தானா? இங்கே அம்மா நலம். சின்னவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது.

இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கருங்கல் குவாரிக்காகக் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள். கல்யாண மண்டபம், மேடையில் அதிகாரிகள், கீழே நாங்கள் இருநூறு பேர் இருப்போம். ஹாஸ்டலில் சாம்பார் சண்டைக்கு உன்னைத்தானே முன்னால் தள்ளிவிடுவோம்? அன்றைக்கு நீ இல்லையே என்று இருந்தது.

எங்கள் தெருக்கோடிப் பாட்டி ஒருவர் மைக்கைப் பிடித்தார். ஏற்கெனவே ஓடுகிற கிரஷரின் தூள் குளத்தில் படிகிறதாம். துணியை அலசிக் காயப்போட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கிறதாம். "அந்தத் தண்ணியைத்தான் மாடு குடிக்குது, நீங்க ஒரு வாய் குடிப்பீங்களா?" என்று கேட்டார். மண்டபமே அமைதியாகிவிட்டது.

கூட்டம் முடியும்போது நடவடிக்கைக் குறிப்பை வாசித்தார்கள். பாட்டி பேசியது முழுவதும், 'நீர் ஆதாரம் குறித்து ஒருவர் வினவினார்' என்று ஒரே வரியாகச் சுருங்கியிருந்தது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, எழுந்து நின்று, "அவர் வினவவில்லை, நடந்துகொண்டிருப்பதைச் சொன்னார். குளம், கிரஷர் தூள், மாடு, மூன்றும் குறிப்பில் வர வேண்டும்" என்றேன். பின்னால் இருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள். மேடையில் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். அப்புறம் அந்த வரியைத் திருத்தி எழுதி மறுபடி வாசித்தார்கள். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார், வசந்தி. அந்தப் பிடி இன்னும் கையில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து, இந்தக் கூட்டங்களுக்கு விதி வகுக்கிற 2006 செப்டம்பர் 14 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை எடுத்துப் படித்தேன். எல்லாம் அதில் இருக்கிறது. 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். திட்டத்தின் சுருக்கம் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் கிடைக்க வேண்டும். கூட்டம் முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். முடிவில் குறிப்பை மக்களுக்கு அவர்கள் மொழியில் வாசித்து விளக்க வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்குக்கூடக் கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் அவர்கள் சொன்னதைப் பதிவு செய்தே ஆக வேண்டும்.

'சொன்னதைத் திருப்பி வாசித்துக் காட்டு' என்கிற இந்த ஒரு விதிதான் அன்றிலிருந்து என் மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது எல்லாக் கருத்தையும் கணினியில் கேட்கிறார்களே, அங்கே யார் வாசித்துக் காட்டுகிறார்கள்?

2020 ஊரடங்கு நினைவிருக்கிறதா? இதே அறிவிக்கையை மாற்ற வரைவு வெளியிட்டு, மின்னஞ்சலில் கருத்து அனுப்பச் சொன்னார்கள். 30 நாள் முன்னறிவிப்பை 20 ஆகக் குறைக்கும் யோசனையும் அதில் இருந்தது. வரைவோ ஆங்கிலத்திலும் இந்தியிலும். 22 மொழிகளில் மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவு போட்டது, கெடுவையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. நீயும் நானும் ராத்திரி பதினொரு மணிக்குப் போனில் ஒவ்வொரு பிரிவாகத் தமிழில் சொல்லிப் பார்த்தோமே! 15 லட்சத்துக்கும் மேல் கருத்துகள் போய்ச் சேர்ந்தன. அந்த வரைவு இறுதி ஆகவில்லை, அது நம் எல்லோருக்கும் கிடைத்த பலன்தான். ஆனால் நாம் அனுப்பிய நான்கு பக்கத்தை ஒருவராவது படித்தாரா? படித்து, இது சரி, இது தப்பு என்று எங்காவது குறித்தாரா?

உன் பையன் சொன்ன டிராய் விஷயத்தையும் தேடிப் படித்தேன், அதுதான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். 2015இல் இணையச் சமநிலைக்காக, அதாவது எல்லாத் தளத்தையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்று, பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல் குவிந்தது. 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வாங்கக் கூடாது என்று விதி வந்தது. எனக்கு அதில் பிடித்தது அந்த முறைதான். வந்த கருத்துகளை வெளியே வைக்கிறார்கள், எதிர்க்கருத்துக்கு இடம் கொடுக்கிறார்கள், முடிவு எடுத்தால் காரணத்தையும் எழுதுகிறார்கள். அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்து வெளியிட்டது பெரிய தப்பு, அதை மறைத்திருக்க வேண்டும். ஆனாலும் பெரிய நிறுவனம் சொன்னதையும் கல்லூரிப் பெண் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாமே பார்க்க முடிகிறதே.

2022 நவம்பரில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவுக்குக் கருத்துக் கேட்டபோது நேர் எதிராக நடந்தது. வருகிற கருத்துகளை வெளியிட மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் வெளிப்படையாகப் பேசுவார்கள் என்பது காரணம். எனக்கு ஒப்புக்கொள்ள முடியவில்லை. யார் என்ன கேட்டார்கள் என்று தெரியாவிட்டால், யாருக்காக எந்த வரி மாறியது என்று எப்படித் தெரியும்? இத்தனைக்கும் 2014இல் மத்திய அரசே வகுத்த கொள்கை ஒன்று உண்டு. சட்ட வரைவை 30 நாளாவது மக்கள் முன் வைக்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தையும் துறையின் பதிலையும் தளத்தில் போட வேண்டும் என்கிறது அது. சட்டம் இல்லை, கொள்கைதான். மீறினால் கேட்க ஆளில்லை.

நடுவில் ஒன்று. வார்டன் அம்மா தவறிவிட்டார்கள், சித்திரையில். உனக்குத் தெரியுமோ என்னவோ. நம்மை எப்படித் திட்டினாலும் காய்ச்சல் என்றால் கஞ்சி அவர் கையால்தானே. எழுதும்போதே கண் கலங்குகிறது.

சரி, நான் இப்படிப் பதறுவதற்குக் காரணம் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 8 அன்று சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை போட்டது. அணுக் கனிமம், முக்கியக் கனிமம் தோண்டும் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பே தேவையில்லையாம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் கிள்ளியூர்ப் பக்கம் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் இருக்கிறதல்லவா? அந்த மணலில் இருக்கிற மோனசைட் அணுக் கனிமம். அதற்கு 2024 அக்டோபர் 1 அன்று நடக்கவிருந்த கூட்டம், மக்கள் எதிர்ப்பால் தள்ளிப்போனது. மதுரைப் பக்கம் அரிட்டாபட்டியில் தோண்டவிருந்த டங்ஸ்டனும் இந்த முக்கியக் கனிம வகைதான். ஊர் ஊராகக் கிராம சபைத் தீர்மானம் போட்டு, 2025 ஜனவரியில் அந்தச் சுரங்க ஏலம் ரத்தானது. இனி அப்படி ஒரு திட்டம் வந்தால் மண்டபமும் இல்லை, மைக்கும் இல்லை. நாட்டுப் பாதுகாப்புக்கு அந்தக் கனிமம் வேண்டும் என்கிறார்கள். வேண்டியிருக்கலாம், வசந்தி. ஆனால் கடற்கரையில் குடியிருப்பவனிடம் ஒரு வார்த்தை கேட்டால் எந்தப் பாதுகாப்பு குறைந்துபோகும்?

உன்னிடம் ஓர் உதவி. இத்தனை வருடம் ஆபீஸில் தகவல் உரிமை மனுக்களைப் பார்த்தவள் நீ. 2020இல் வந்த கருத்துகளை யார் தொகுத்தார்கள், அந்தச் சுருக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டு ஒரு மனு எழுத வேண்டும். தட்டிக்கழிக்க முடியாதபடி எப்படிக் கேட்பது என்று எழுது. போனில் சொல்லாதே, நீ வேகமாகப் பேசுவாய், எனக்குக் குறித்துக்கொள்ள முடியாது.

நேந்திரங்காய் சிப்ஸ் இரண்டு பொட்டலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஒன்று உன் மருமகளுக்கு, அதையும் நீயே தின்றுவிடாதே.

அந்தக் கூட்டக் குறிப்பைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. நேற்றுப் போய்ப் பார்த்தேன், பலகையில் இன்னும் ஒட்டவில்லை. வெள்ளிக்கிழமை பாட்டியையும் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் ஜெயா