சாண்டா ஃபே நகரின் விடுமுறை வாடகை வீடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத் தலைநகரான சாண்டா ஃபே குறித்து வந்த கட்டுரையைப் படித்தேன். விடுதியில் அறை எடுப்பதைவிட ஒரு மண் வீட்டை முழுதாக வாடகைக்கு எடுத்துக்கொண்டால் குடும்பத்தோடு சமைத்துச் சாப்பிடலாம், செலவும் குறையும் என்று அதில் யோசனை சொல்லப்பட்டிருந்தது. இந்த ஊரில் 14 ஆண்டுகளாக வாடகை வீட்டில் குடியிருப்பவன் நான். அந்த யோசனைக்கு இன்னொரு பக்கமும் உண்டு என்பதை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சாண்டா ஃபே ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. உயரத்தில் ஊட்டிக்கு நெருக்கம்தான். ஆனால் ஓர் ஆண்டின் மழையும் பனியும் சேர்ந்தே சுமார் 14 அங்குலம்தான் தேறும். இந்த வறண்ட மேட்டு நிலத்தில் பியூப்லோ பழங்குடியினர் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவர, 1610 வாக்கில் ஸ்பானியர் தங்கள் தலைநகரை இங்கே அமைத்தனர். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஆட்சி வந்தது. வரலாற்றுப் பகுதியில் எழும் கட்டடம் எதுவானாலும் மரபான மண் வீட்டின் சாயலில் இருக்க வேண்டும் என்று 1957-இல் நகராட்சி சட்டமே போட்டது. (மண் நிறப் பூச்சைச் சுரண்டினால் பல இடங்களில் மரச்சட்டமும் கம்பி வலையும்தான் தெரியும் என்பது வேறு கதை.) 2020 கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்பவர்கள் 87,505 பேர். இவ்வளவு சிறிய ஊருக்கு இத்தனை பயணிகள் வருவதற்குக் காரணம் இங்குள்ள கலை.

அந்தக் கலை எப்படி வந்தது என்பதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்லலாம். 1921-இல் ஐந்து இளம் ஓவியர்கள், 'ஐந்து ஓவியர்கள்' என்ற பொருளில் ஸ்பானிய மொழியில் பெயர் சூட்டிக்கொண்டு ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். கையில் காசில்லாத அவர்கள் காமினோ தெல் மோன்டே சோல் என்ற தெருவில் மண்ணைக் குழைத்துத் தங்கள் வீடுகளைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். 'ஐந்து மண் குடிசையில் ஐந்து கிறுக்கர்கள்' என்று ஊர் கேலி செய்தது. இன்று அந்தப் பகுதியில் மண் குழைக்க இடம் தேடும் இளம் ஓவியர் எவரும் இல்லை. அங்கே நிலத்தின் விலையைக் கேட்டுவிட்டு அவர்கள் அருகிலுள்ள பெரிய நகரமான அல்புகெர்க்கிக்குப் போய்விடுகிறார்கள்.

நாங்கள் முதலில் குடியிருந்தது, ஓவியக்கூடங்கள் வரிசையாக நிற்கும் கேன்யன் சாலைக்குப் பின்னால், அசெக்கியா மாத்ரே என்ற பழைய பாசன வாய்க்காலை ஒட்டிய ஒரு சந்தில். மொத்தம் ஒன்பது வீடுகள். எதிர்வீட்டில் இருந்த மூதாட்டி, தலைமுறை தலைமுறையாக இங்கே வாழும் ஸ்பானியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையில் பழுப்புக் காகிதப் பையின் வாயை இரண்டு விரற்கடை வெளிப்புறமாக மடித்து, உள்ளே இரண்டு பிடி மணலைப் போட்டு, அதில் ஒரு மெழுகுவர்த்தியை ஊன்றி, மதில் ஓரமாக வரிசையாக வைப்பது இவ்வூர் வழக்கம். அந்த விளக்குக்கு ஃபரோலிட்டோ என்று பெயர். என் மனைவியின் கண்ணுக்கு அவை கார்த்திகை அகல்களாகவே தெரிந்தன. முதல் ஆண்டிலேயே அந்த அம்மையாருடன் பை மடிக்க உட்கார்ந்துவிட்டார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு வீட்டு உரிமையாளர் எங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார். மகளுக்கு வீடு தேவைப்படுகிறது என்றார், நாங்களும் நம்பினோம். இரண்டு மாதம் கழித்து அதே வீட்டைப் பயணிகளுக்கான ஓர் இணைய வாடகைத் தளத்தில் பார்த்தேன். நாங்கள் துணி உலர்த்திய முன்தாழ்வாரத்தில் சிவப்பு மிளகாய்ச் சரம் தொங்கியது. என் மகன் பாடம் படித்த மூலையில், கணப்புக்கு முன்னால் நவஹோ பழங்குடியினரின் நெசவு விரிப்பு ஒன்று விரித்திருந்தது. 'உண்மையான சாண்டா ஃபே வாழ்க்கையை அனுபவியுங்கள்' என்று கீழே எழுதியிருந்தார்கள். அதற்கு அவர்கள் கேட்ட ஆறு இரவு வாடகை, நாங்கள் ஒரு மாதத்துக்குக் கொடுத்துவந்த தொகை. இப்போது அந்த ஒன்பது வீடுகளில் நான்கின் வாசலில் எண் பூட்டுப் போட்ட சாவிப் பெட்டி தொங்குகிறது. குப்பை வண்டி வந்துபோன பிறகும் அந்த வீடுகளின் தொட்டிகள் வாரக்கணக்கில் தெருவிலேயே நிற்கின்றன. கடந்த கிறிஸ்துமஸுக்கு அங்கே போனபோது, அந்த நான்கு மதில்களின் மேலும் பேட்டரியில் எரியும் பிளாஸ்டிக் விளக்குகள்தான் இருந்தன. பராமரிப்பு நிறுவனத்தார் காலையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எஞ்சிய ஐந்து வீட்டுக்கும் அந்த மூதாட்டி ஒருவரே வாளியில் மணல் சுமந்துகொண்டிருந்தார்.

நகராட்சி சும்மா இருக்கவில்லை. குடியிருப்புப் பகுதிகளில் இத்தகைய குறுகிய கால வாடகைக்கு 1,000 உரிமங்களுக்கு மேல் வழங்குவதில்லை என்று வரம்பு வைத்திருக்கிறது. ஒரு வீட்டைப் பொதுவாக ஏழு நாள்களுக்குள் ஒரு முறைக்கு மேல் வாடகைக்கு விடக் கூடாது. உரிமம் பெற்ற ஒரு வீட்டிலிருந்து 50 அடிக்குள் புதிய உரிமம் தருவதில்லை என்ற விதியும் பின்னர் சேர்ந்தது. விளம்பரத்தில் உரிம எண்ணைக் குறிப்பிட வேண்டும். விதிகள் நல்லவைதான். ஆனால் உரிமமே வாங்காமல் நடத்துபவரைக் கண்டுபிடிக்க, ஒருவர் கணினி முன் உட்கார்ந்து ஒவ்வொரு விளம்பரத்தையும் முகவரியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. வீட்டுத் தட்டுப்பாடு எந்த அளவுக்கு முற்றியது என்றால், 10 லட்சம் டாலரைத் தாண்டி விற்கும் வீட்டில் அந்தக் கூடுதல் தொகைக்கு 3 சதவீத வரி விதித்து, அதை எளியோருக்கான வீட்டு வசதிக்குச் செலவிடலாம் என்று 2023 நவம்பரில் நகர மக்கள் வாக்களித்தார்கள். அந்த வரியும் நீதிமன்றப் படி ஏறியது.

இந்தத் தொழிலை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கொல்லைப்புறத்தில் காசிட்டா எனப்படும் ஓர் அறைச் சிறு வீட்டைக் கட்டி, அதில் வரும் வருமானத்தைக் கொண்டு சொத்து வரியைச் செலுத்தி, தாத்தா காலத்து நிலத்தை விற்காமல் காப்பாற்றிவரும் குடும்பங்களை நான் அறிவேன். அவர்களைப் பொறுத்தவரை பயணி ஒரு விருந்தாளி. காலையில் எதிர்ப்பட்டால் மிளகாய்க் குழம்பு சிவப்பா பச்சையா எது வேண்டும் என்று கேட்பார்கள். வேறொரு மாநிலத்தில் இருந்துகொண்டு, முதலீட்டுக் கணக்கில் வீடுகளை வாங்கிக் காலியாக வைத்து, வார இறுதிக்கு மட்டும் திறந்துவிடுபவர்களை அவர்களோடு ஒரே தட்டில் வைக்க முடியாது.

வாசகர்கள் இங்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம், நகரச் சதுக்கத்தில் உள்ள பழைய ஆளுநர் மாளிகையின் தாழ்வாரம். பழங்குடிக் கைவினைஞர்கள் சுவரோரமாகத் துணி விரித்து வெள்ளி நகைகளையும் மண்பாண்டங்களையும் அங்கே பரப்பியிருப்பார்கள். ஒவ்வொரு நாளும் காலையில் குலுக்கல் முறையில்தான் இடம் ஒதுக்கப்படுகிறது. அந்தக் குலுக்கலுக்கு நேரத்தோடு வந்து நிற்க, கெவா, கோச்சிட்டி போன்ற பியூப்லோ ஊர்களிலிருந்து அதிகாலையிலேயே வண்டியெடுத்துப் புறப்படுகிறார்கள். 1922-இல் தொடங்கிய 'இந்தியன் மார்க்கெட்' என்ற அமெரிக்கப் பழங்குடிக் கலைச் சந்தை ஆகஸ்ட் மாதத்தில் கூடும்போது, அவர்களைப் போன்ற நூற்றுக்கணக்கான கலைஞர்கள் தொலைதூரத்திலிருந்து வருகிறார்கள். அந்த வாரம் அவர்களுக்கும் தங்க இடம் வேண்டும். அந்த வாரத்தில்தான் வாடகையும் உச்சத்துக்குப் போகிறது.

எனவே இங்கு வீடு தேடும் தமிழ்ப் பயணிகள், படத்தில் உள்ள மிளகாய்ச் சரத்தைப் பார்ப்பதற்கு முன் விளம்பரத்தில் உரிம எண் இருக்கிறதா என்று பார்க்கட்டும். உரிமையாளர் அதே வளாகத்தில் வசிக்கிறாரா என்று ஒரு வரி எழுதிக் கேட்கட்டும். வசிப்பவர் உடனே பதில் எழுதிவிடுவார். இரண்டும் இல்லையென்றால் நகருக்குள் உள்ள சிறு விடுதிகளில் தங்கலாம். தங்கள் பயணப் பக்கத்தில் இனி இத்தகைய யோசனை வரும்போது இதையும் இரண்டு வரிகளில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். ஆகஸ்ட் மாதத்துக்கான முன்பதிவைப் பலர் குளிர்காலத்திலேயே முடித்துவிடுகிறார்கள் என்பதால், அந்த இரண்டு வரிகள் சற்று முன்னதாகவே வெளிவந்தால் பயன்படும்.

தங்கள் வாசகன்,
சாண்டா ஃபே, நியூ மெக்சிகோ