விடுப்புக் கடிதத்தில் நோம்பி என்றே எழுதுங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்ங்க. மாரியம்மன் நோம்பி முடிந்த மறுநாள் என் மேசைக்கு வந்த விடுப்புக் கடிதங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் காய்ச்சல். ஒரே வீதியில் இத்தனை பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் டெங்குவாக இருக்குமோ என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லியாக வேண்டும். போனை எடுத்த பிறகுதான் வாசலில் நின்ற நான்காம் வகுப்புப் பெண்ணைக் கவனித்தேன். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் நோம்பிக் கடை வளையல். "காய்ச்சல் எப்படி இருக்குது கண்ணு?" என்றேன். வளையலை ஒவ்வொன்றாக மேலே தள்ளிக்கொண்டு நின்றாளே தவிர பதில் இல்லை. கூட வந்த தம்பிதான், "அம்மா அப்படித்தான் சொல்லச் சொல்லுச்சுங்க டீச்சர்" என்றான்.

அந்தப் பிள்ளையைக் கோபித்து என்ன ஆகப் போகிறது? எழுதியது பெரியவர்கள், என் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியது அவள். அம்மாயி ஊரில் கெடா வெட்டு என்றால் அப்படியே எழுதுங்கள். நானும் இந்தப் பக்கத்துக்காரிதான், நோம்பிக்குப் போகாதே என்று எந்தப் பிள்ளையையும் சொன்னதில்லை.

"பொய் சொன்னா, கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சுருங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போகிற அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைகளை அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அடியால் பொய் குறைவதும் இல்லை. விக்டோரியா தல்வார், காங் லீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளின் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளைக் கவனித்து 2011இல் எழுதியிருக்கிறார்கள். ஒன்றில் பிரம்படி உண்டு, மற்றதில் இல்லை. பொம்மையைத் திரும்பிப் பார்க்காதே என்று சொல்லி, பிள்ளையைத் தனியே விட்டார்கள். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலோர் பார்த்துவிட்டார்கள். பிள்ளைதானே, பார்க்காமல் இருக்குமா? ஆனால் அடி விழும் பள்ளியில் பார்த்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் பொய் சொன்னார்கள். துருவிக் கேட்டபோதும் மாட்டிக்கொள்ளாமல் சமாளித்ததில் அவர்கள்தான் கெட்டிக்காரர்கள்.

நாலு வயதுப் பிள்ளை "எங்க ஊட்டுல யானை இருக்குது" என்று சொன்னால் சிரித்துவிட்டு, யானைக்குப் பேர் என்ன என்று கேளுங்கள், போதும். எனக்குக் கவலை பெரிய வகுப்புகளைப் பற்றித்தான்.

பனியன் கம்பெனியில் ஓவர்டைம் முடிந்து ஒன்பது மணிக்கு வருகிற அம்மா, செருப்பைக் கழற்றும்போதே "ஹோம்வொர்க் முடிச்சாச்சா?" என்று கேட்கிறார். "முடிச்சாச்சு." பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் "நோட்டைக் கொண்டா, பார்க்கலாம்" என்று கேட்டால் பொய்க்கு வேலை இல்லை. அதேபோல, டப்பாவில் வைத்த இருபது ரூபாயைப் பிள்ளை எடுத்தது தெரிந்த பிறகும் "நீ எடுத்தியா?" என்று கேட்பது பொய்யை நாமே வரவழைப்பது. "எடுத்தது தெரியும், எதுக்குன்னு சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும்: சினேகிதியின் வாசனை ரப்பரைத் தொலைத்திருப்பாள், புதிது வாங்கிக் கொடுத்திருப்பாள்.

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடமே கேட்டான்: "விருந்தாளி பசியோட வந்துட்டு, சாப்பிட்டாச்சுங்கன்னு சொல்றாங்களே, அது பொய் இல்லைங்களா டீச்சர்?" நல்ல கேள்வி. வீட்டுக்காரர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று சொல்வது அது. அதில் யாரும் ஏமாறுவதில்லை, எப்படியும் இலை போட்டுவிடுகிறோம். ஆனால் அதே வகுப்பில் இன்னொருவன் பக்கத்துப் பிள்ளையின் டிபனைப் பார்த்து "புளிச்ச நாத்தம் அடிக்குது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். கேட்டால், "உண்மையைத்தானுங்களே சொன்னேன்?" அந்தப் பெண் அன்று மூடியைத் திறக்கவே இல்லை. சாப்பாடு கெட்டிருந்தால் அவளிடம் மட்டும் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்று அவனுக்குப் புரியவைக்க எனக்கு மத்தியான இடைவேளை முழுக்கப் பிடித்தது. இதற்குப் பாடப்புத்தகம் கிடையாது. பந்தியிலும் பஸ்ஸிலும் நாம் பேசுவதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

சரி, பள்ளியில் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். தானாக வந்து தப்பை ஒப்புக்கொள்கிற பிள்ளைக்குத் திட்டு இல்லை, வீட்டுக்குப் புகாரும் இல்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கிழித்ததை ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். நோட்டுத் தாளில் இரண்டு வரி எழுதினாலே விடுப்புக் கடிதம்தான். எழுத வராதவர்கள் வகுப்பாசிரியருக்கு ஒரு போன் போட்டுச் சொன்னால் போதும். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசுவோம். ஷிப்டால் வர முடியாதவர்கள் வேறு ஒரு நாள் சாயங்காலம் வாருங்கள், முன்கூட்டியே சொன்னால் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்