பத்தாம் வகுப்பு முடியும் முன்பே பிள்ளைகளுக்குத் தொழிற்கூடங்களைக் காட்ட ஏற்பாடு செய்யக் கோரி மனு

அனுப்புநர்:
பள்ளி மேலாண்மைக் குழுவினர் மற்றும் பெற்றோர்,
அரசு மேல்நிலைப்பள்ளி,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பொருள்: அரசுப் பள்ளிகளில் 9, 10-ஆம் வகுப்பு படிக்கும் மாணவர்கள் அருகிலுள்ள தொழிற்சாலைகள், மருத்துவமனைகளில் நடக்கும் வேலைகளை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள ஏற்பாடு செய்ய வேண்டுதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த சூட்டோடு சூடாக, பிள்ளை எந்த குரூப் எடுப்பது என்று எங்கள் வீடுகளில் முடிவாகிவிடுகிறது. மார்க் இருந்தால் ஃபர்ஸ்ட் குரூப், இல்லாவிட்டால் கிடைத்த குரூப். அந்தப் படிப்பு எந்த வேலையில் கொண்டுபோய் விடும் என்று பிள்ளைக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. படிப்புக்கும் வேலைக்கும் வழிகாட்ட 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தால் எங்கள் பிள்ளைகளுக்கு நல்லது நடந்திருக்கிறது. அதற்கு மனதார நன்றி சொல்கிறோம். ஆனால் எங்கள் பள்ளியில் அதன் பலன் பிளஸ் டூவில்தான் கண்ணில் படுகிறது. அதற்குள் குரூப் எடுத்து இரண்டு வருடம் ஓடிவிடுகிறது.

எங்கள் பகுதியிலிருந்து ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் தாய்மார்கள் பலர். காலையில் கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும், இருட்டும் நேரத்தில் கொண்டுவந்து விடும். அண்மையில் நடந்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருவரிடம் அம்மா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டோம். "ஷூ கம்பெனி" என்றார். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த தாயார்தான் விளக்கினார். தோல் வந்ததும் அதில் உள்ள கீறல், தழும்பையெல்லாம் பார்த்துக் குறி போடுவார்கள். அந்தக் குறிகளை ஒதுக்கி, ஒரு தோலில் எத்தனை ஜோடி தேறும் என்று கண்ணாலேயே கணக்குப் போட்டு கட்டிங் ஆள் வெட்டுவார். ஓரத்தைச் சீவி மெல்லிசாக்குவது ஸ்கைவிங். அப்புறம்தான் தைக்க இவரிடம் வரும். "பேட்டர்ன், அதாவது தோலை வெட்டுவதற்கான வடிவம், போடுகிறவர் கம்ப்யூட்டரில் வரைவார், அவருக்குச் சம்பளமும் அதிகம், அதற்குத் தனிப் படிப்பு இருக்கிறது" என்று அவர் சொன்னபோது மகள் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்து வருடமாக அம்மா போய்வரும் கம்பெனிக்குள் இப்படி ஒரு வேலை இருப்பது அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்த வேலைகளுக்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் தோல் தொழில். ராணிப்பேட்டையில் பொதுத்துறை பெல் (BHEL) நிறுவனமும் சிப்காட் தொழிற்பேட்டையும். குடியாத்தத்தில் லுங்கித் தறிகள். வேலூரில் 1900-ஆம் ஆண்டிலிருந்து சி.எம்.சி. மருத்துவமனை. பெரிய மருத்துவமனை என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு டாக்டரும் நர்ஸும்தான் தெரியும். லேப், எக்ஸ்ரே, நோயாளிகளின் ஆவணப் பிரிவு, கருவிகளைப் பழுது பார்க்கும் பிரிவு என்று எத்தனையோ பேர் அங்கே வேலை செய்கிறார்கள் என்பதை யாரும் காட்டியதில்லை. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் ரூ.9,000 கோடியில் டாடா கார் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 5,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு வந்தது. இன்று ஒன்பதாவது படிக்கும் பிள்ளை பத்து முடித்து பாலிடெக்னிக் சேர்ந்தால் ஐந்து வருடத்தில் கையில் டிப்ளமோவுடன் நிற்கும். ஆனால் அப்படி ஒரு வழி இருப்பதை இப்போதே சொன்னால்தான் உண்டு.

எங்களுக்கு ஒரு பயமும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. பீடி, தீப்பெட்டி வேலைக்குப் போன பிள்ளைகளை மீட்டு, சிறப்புப் பள்ளிகள் வைத்துப் படிக்கவைத்த மாவட்டம் இது. தொழிற்சாலையோடு பள்ளியை இணைப்பது என்ற பெயரில் பழையபடி பிள்ளைகள் வேலைக்குப் போய்விடக் கூடாது. 18 வயது நிரம்பாதவர்களை ஆபத்தான தொழிலில் வைக்கக் கூடாது என்று 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமே சொல்கிறது. அதனால் பள்ளிப் பிள்ளைகள் பார்க்கலாம், கேட்கலாம், குறிப்பெடுக்கலாம். இயந்திரத்தில் கை வைக்கக் கூடாது, தோல் பதனிடும் டிரம் இருக்கும் பக்கமோ தீப்பெட்டி ஆலைக்கோ போகவே கூடாது. ஆசிரியர் ஒருவரும் பெற்றோர் ஒருவரும் கட்டாயம் உடன் போக வேண்டும். இந்த நிபந்தனைகளை எழுத்தில் போட்டுத் தரும்படி முதலில் கேட்டுக்கொள்கிறோம்.

தங்களால் ஆக வேண்டியது இதுதான். முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்டத் தொழில் மையப் பொது மேலாளர், வேலைவாய்ப்பு அலுவலர், தொழிற்சாலை நிர்வாகத்தினர் ஆகியோரை ஒரே மேசையில் உட்காரவைத்து, எந்தப் பள்ளி எந்த நிறுவனத்துக்கு எப்போது போகும் என்று ஓர் அட்டவணை போட்டுத் தர வேண்டும். நாங்கள் தனித்தனியாகப் போய்க் கேட்டால் கேட்டில் உள்ள காவலரைத் தாண்ட முடிவதில்லை. மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்தாலும் எங்கள் ஊர் ஜனங்கள் ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும்தான் வேலைக்குப் போகிறார்கள். ஆகவே திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்ட ஆட்சியர்களிடமும் தாங்கள் பேச வேண்டும். தங்கள் ஒரு கடிதம் போதும்.

பஸ் செலவுக்கு அரசுப் பணம்தான் வேண்டும் என்பதில்லை. கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவின்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழில்திறன் கல்வியும் அதில் சேரும். அதேபோல் 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் 2.5 சதவீதமாவது அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) எடுத்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. பள்ளி முடித்த எங்கள் பிள்ளைகளுக்கு அந்த இடங்கள் பற்றிய தகவலே வருவதில்லை. அந்தப் பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இன்னொன்று. எங்கள் பள்ளியில் தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றதோடு அந்தப் பிரிவே நின்றுபோனது. அதைத் திரும்பத் தொடங்க அரசுக்குப் பரிந்துரை செய்யும்படியும் வேண்டுகிறோம்.

வரும் காலாண்டுத் தேர்வுக்கு முன் முதல் கூட்டத்தைக் கூட்டித் தந்தால், அரையாண்டுக்குள் ஒரு முறையாவது பிள்ளைகளை அழைத்துப்போய் வந்துவிடலாம். உடன் செல்லச் சம்மதித்த பெற்றோரின் பெயர்ப் பட்டியலையும் கையெழுத்துகளையும் இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவினர் மற்றும் பெற்றோர்