ரோசாப்பூ துரையின் எழுத்துகளைத் தமிழில் கொண்டுவர உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

மதுரை யானைக்கல்லில் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பின் சிலை இருக்கிறது. அவருடைய நினைவு நாளான மார்ச் 5 அன்று சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து மாலை போடுகிறார்கள். உசிலம்பட்டிப் பக்கம் பெரியவர்களிடம் ஜார்ஜ் ஜோசப் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். ரோசாப்பூ துரை என்று சொன்னால் போதும், உட்காரச் சொல்லிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கோட்டில் ரோஜாப்பூ செருகிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்த வக்கீலுக்கு இந்தப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர் சமூகத்தார் வைத்த பெயர் அது. அந்தப் பெயரையே பிள்ளைகளுக்கும் வைத்த குடும்பங்கள் இங்கே உண்டு.

ஆனால் அந்த மனிதர் என்ன எழுதினார், எதற்காக வாதாடினார் என்று அவர் வார்த்தையிலேயே படித்தவர்கள் நம்மிடையே மிகக் குறைவு. குறை மக்களுடையது இல்லை. அவர் எழுதியது பெரும்பாலும் ஆங்கிலத்தில். அவை இன்று நூற்றாண்டு பழைய பத்திரிகைக் கட்டுகளிலும் ஆவணக் காப்பகங்களின் மைக்ரோஃபிலிம் சுருள்களிலும் இருக்கின்றன. அவற்றைத் தேடித் தொகுத்து, தமிழாக்கி, நூலாக வெளியிடவும், உசிலம்பட்டியில் ஒரு சிறு ஆவண அறை அமைக்கவும் இந்தக் குழு கூடியிருக்கிறது. அதற்குத்தான் உங்களிடம் நன்கொடை கேட்கிறோம்.

குழுவில் இருப்பவர்கள் மதுரையில் தொழில் செய்யும் சில வக்கீல்கள், பிரமலைக் கள்ளர் பிள்ளைகளுக்காக அரசு தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், இரண்டு மூன்று கிராமத்து இளைஞர்கள். எந்தக் கட்சிக்கும் எந்தச் சாதிச் சங்கத்துக்கும் இது கிளை அல்ல.

ஜார்ஜ் ஜோசப் 1887-இல் கேரளத்துச் செங்கன்னூரில் பிறந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரி, எடின்பரோ, அப்புறம் லண்டன் மிடில் டெம்பிள் என்று படித்து பாரிஸ்டரானார். பத்திரிகை உலகில் பெரும்பெயர் எடுத்த போத்தன் ஜோசப் அவருடைய தம்பி. லண்டனில் படித்து வந்தவர் சென்னையிலோ திருவிதாங்கூரிலோ வசதியாக நிலைத்திருக்கலாம். அவர் மதுரைக்கு வந்தார். இங்கேதான் வக்கீலாகப் பெயர் எடுத்தார், இங்கேதான் அரசியலுக்கு வந்தார், 1938-இல் இந்த ஊரிலேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 50.

அவர் ஏன் அரசியலுக்கு வந்தார் என்பதற்கு இந்தியாவுக்குத் தன்னாட்சி கேட்ட ஹோம் ரூல் இயக்கம், அன்னி பெசன்ட், காந்தி என்று வரலாற்று நூல்கள் சொல்லும் காரணங்கள் சரிதான். ஆனால் எங்கள் குழுவிலிருக்கும் வக்கீல்கள் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நூலே அதைச் சுற்றித்தான் அமையப் போகிறது.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வட இந்தியாவில் வந்தது. 1911-இல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. ஒரு சமூகத்தையே குற்றப் பரம்பரை என்று அரசு அறிவிக்கலாம். அறிவித்தால் அந்தச் சமூகத்து ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், இரவில் போலீஸ் கச்சேரியில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். ஒரு தப்பும் செய்யாதவனும் தான் பிறந்த சாதிக்காகவே போலீஸ் நோட்டில் பேர் எழுதப்படுவான். எல்லாவற்றுக்கும் மேலாக, அரசின் அந்த அறிவிக்கை செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது.

ஒரு வக்கீலுக்கு இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். கட்சிக்காரர் வாசலில் நிற்கிறார், அநியாயம் கண்முன்னே தெரிகிறது, ஆனால் அடிப்படைக் கேள்வியைக் கோர்ட்டில் எழுப்பவே வழியில்லை. சில்லறை வழக்குகளில் ஆஜராகலாம், ஜாமீன் கேட்கலாம், மனு எழுதலாம். சட்டத்தையே எதிர்க்க வேண்டுமென்றால் கோர்ட்டுக்கு வெளியே வந்துதான் ஆக வேண்டும். ஜார்ஜ் ஜோசப் இரண்டையும் செய்தார். பாதிக்கப்பட்டவர்களுக்காக வழக்காடினார், அதோடு நிற்காமல் சட்டத்தை எதிர்த்து எழுதினார், பேசினார்.

பிரமலைக் கள்ளர்கள் மீது 1914-இல் கீழக்குயில்குடியில் தொடங்கிய அந்தச் சட்டம், சில ஆண்டுகளில் சமூகம் முழுக்கப் பரவியது. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி காலை, ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். குண்டடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனவர் மாயக்காள் என்று ஊரில் சொல்கிறார்கள். அந்த ஊருக்காக நின்ற வக்கீல் ஜார்ஜ் ஜோசப். அவர் அந்தச் சாதிக்காரர் இல்லை, அந்த மதத்தவர் இல்லை, இந்த ஊரிலேயே பிறந்தவரும் இல்லை. இன்றைக்கு இதை நினைத்துப் பார்க்கும்போது எங்களுக்கு அவர்மேல் மரியாதை இன்னும் கூடுகிறது.

கள்ளர்களின் வழக்கு அவர் வாழ்க்கையில் ஒரு பகுதிதான். 1918-இல் டாக்டர் வரதராஜுலு நாயுடுவுடன் சேர்ந்து மதுரை ஆலைத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டினார். ஹோம் ரூல் பேச இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிய குழுவில் இருந்தார். ஜிப்ரால்டரில் மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் நல்ல வருமானம் வந்துகொண்டிருந்த தொழிலை விட்டார். மோதிலால் நேருவின் இண்டிபெண்டன்ட் பத்திரிகைக்கு ஆசிரியராக அலகாபாத் போனார். 1921 டிசம்பரில் கைதாகி, நேருக்களோடு லக்னோ சிறையில் இருந்தார். விடுதலையானபின், காந்தி சிறையிலிருந்த 1923-இல் அவருடைய யங் இந்தியா பத்திரிகைக்கு ஆசிரியர் பொறுப்பேற்றார். மதுரை வக்கீல் ஒருவர் நாட்டின் இரண்டு முக்கியமான பத்திரிகைகளுக்கு அடுத்தடுத்து ஆசிரியராக இருந்திருக்கிறார் என்பது மதுரைக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது.

வைக்கம் போராட்டம் தனியாகச் சொல்ல வேண்டியது. 1924 மார்ச் 30-இல் தொடங்கிய அந்தச் சத்தியாக்கிரகம், கோயிலைச் சுற்றியிருந்த பொதுச் சாலைகளில் எல்லாச் சாதியாரும் நடக்கும் உரிமைக்கானது. போராட்டத்தை நடத்திய கேசவ மேனனும் டி.கே. மாதவனும் கைதானபின் தலைமை ஏற்றவர்களில் ஜார்ஜ் ஜோசப் முன்னணியில் இருந்தார். இது இந்துக்களின் பாவத்தைப் போக்கும் காரியம், இந்துக்களிடமே விட்டுவிடுங்கள் என்ற கருத்தில் காந்தி அவருக்குக் கடிதம் எழுதினார். அதற்குள் ஜார்ஜ் ஜோசப் களத்தில் இறங்கிவிட்டார், கைதாகிச் சிறைக்கும் போனார். பெரியாரை வைக்கத்துக்கு அழைத்துக் கடிதம் எழுதியவர்களில் அவரும் ஒருவர். பொதுச் சாலையில் நடப்பது ஒரு மதத்தாரின் உள்விவகாரமா, குடிமக்கள் எல்லோருக்குமான உரிமையா? இந்தக் கேள்வி நூறு ஆண்டு கடந்தும் முடியவில்லை. காந்தியின் கடிதம் அவருடைய தொகுப்பு நூல்களில் யாருக்கும் கிடைக்கும். மறுபக்கத்தில் நின்ற ஜார்ஜ் ஜோசப்பின் எழுத்தும் தமிழ் வாசகர் கைக்கு அதே மாதிரி கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

அப்புறம் மதுரைக்குத் திரும்பி மறுபடியும் தொழில் செய்தார். காங்கிரசோடு இடையில் கசப்பு வந்து விலகியிருந்தார், 1930-களின் நடுவில் திரும்பச் சேர்ந்தார். 1933-இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் இளைஞர் காமராஜரைச் சேர்த்தபோது வரதராஜுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும் அவருக்காக வாதாடினார்கள். குற்றச்சாட்டு நிற்கவில்லை. 1937-இல் மத்திய சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஓர் ஆண்டுகூட முழுதாக உறுப்பினராக இருக்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. கைரேகைச் சட்டம், அதாவது அந்தக் குற்றப் பரம்பரைச் சட்டம், சென்னை மாகாணத்தில் ஒழிந்தது 1947-இல்தான். அதைப் பார்க்க அவர் இல்லை.

இனி வேலைக்கு வருவோம்.

முதல் வேலை தேடல். இண்டிபெண்டன்ட், யங் இந்தியா இதழ்களில் அவர் எழுதியவை, மத்திய சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் அவர் பேச்சுகள், சென்னை ஆவணக் காப்பகத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் பற்றிய அரசாணைகள், இவற்றுக்கெல்லாம் படி எடுக்க வேண்டும். பெயரில்லாத தலையங்கங்களில் எது அவருடையது என்று முடிவு செய்வது எளிதல்ல. ஐயமுள்ளதைச் சேர்ப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். அவருடைய பேரன் ஆங்கிலத்தில் எழுதிய வாழ்க்கை வரலாறு இந்தத் தேடலுக்குப் பெரிய துணை.

இரண்டாவது, கிராமங்களில் இருக்கும் தாள்கள். இதைத்தான் அவசரம் என்று நினைக்கிறோம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். பட்டாக்களுக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் அடியில் நாலாக மடித்த ஒரு சீட்டு. மடிப்பு வழியே கிழிந்து, ஓரம் செல்லரித்து, மை பழுப்பாகிப் போயிருந்தது. தாத்தாவின் ராதாரிச் சீட்டு என்றார்கள். எந்த ஊருக்குப் போகிறார், எப்போது திரும்ப வேண்டும் என்பது மட்டும் கொஞ்சம் புரிந்தது. மாட்டுச் சந்தைக்குப் போக ஒரு மனிதன் வாங்க வேண்டியிருந்த சீட்டு. இன்னும் இரண்டு மழைக்காலம் அந்தப் பெட்டியிலேயே இருந்தால் அது தூளாகிவிடும். இப்படி எத்தனை வீட்டில் எத்தனை தாள் இருக்கிறதோ! நாங்கள் எதையும் எடுத்துக்கொண்டு போக மாட்டோம். வீட்டுக்கே வந்து, உங்கள் கண்முன்னே படம் எடுத்து, தாளைப் பாதுகாப்பான உறையில் போட்டு உங்களிடமே கொடுத்துவிடுவோம். தாத்தா பாட்டி சொல்லக் கேட்டதை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களின் குரலையும் பதிவு செய்வோம்.

மூன்றாவது நூல். கட்டுரைகள், பேச்சுகள், கடிதங்கள், வழக்குக் குறிப்புகள் எல்லாம் தமிழில், தேவையான விளக்கத்தோடு ஒரே தொகுதியாக வரும். ஆயிரம் பிரதி அச்சிட நினைக்கிறோம். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளுக்கும் கிராம நூலகங்களுக்கும் இலவசமாகக் கொடுத்தது போக மீதி அடக்க விலைக்கு விற்கப்படும். ஆவண அறைக்கு உசிலம்பட்டியில் நண்பர் ஒருவர் மாடி அறை ஒன்றை வாடகையில்லாமல் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். இரும்பு அலமாரி, மேசை, கணினி இவை மட்டும் நாம் வாங்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து 9 லட்சம் ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். பெரும்பகுதி மொழிபெயர்ப்புக்கும் அச்சுக்கும் போகும். மொழிபெயர்ப்பவருக்கு முறையான ஊதியம் தருவது என்பதில் உறுதியாக இருக்கிறோம். சேவையாகச் செய்யுங்கள் என்று கேட்டு வாங்கும் வேலை பாதியில் நிற்கும். குழு உறுப்பினர்கள் யாரும் சம்பளமோ பயணப்படியோ எடுப்பதில்லை. எங்களுக்குள் போட்டு 2 லட்சத்து 40 ஆயிரம் சேர்த்துவிட்டோம். மீதிக்குத்தான் உங்களை நம்பியிருக்கிறோம்.

நூறு ரூபாயும் எங்களுக்குப் பெரிய தொகைதான். 500 ரூபாய் கொடுத்தால் ஒரு வீட்டின் தாள்களைப் படமெடுத்து உறையிட்டுவிடலாம். 5,000 ரூபாய் ஒரு நீண்ட கட்டுரையைத் தமிழாக்கும் செலவுக்கு ஆகும். ஒரு அலமாரியை முழுதாக ஏற்றுக்கொள்ள விரும்பும் குடும்பங்களும் நண்பர் குழுக்களும் எங்களோடு பேசலாம். கொடுத்தவர் எல்லோர் பெயரும் தொகை போடாமல் அகர வரிசையில் நூலின் கடைசியில் வரும். பெயர் வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள்.

சில விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். வருமான வரியில் 80ஜி சலுகைக்கு எங்களிடம் இன்னும் அனுமதி இல்லை, அதை எதிர்பார்த்துக் கொடுக்க வேண்டாம். வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் தங்கள் வங்கிக் கணக்கு வழியாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற உறவுகளிடம் பணம் வாங்கச் சட்டம் எங்களுக்கு இடம் தரவில்லை. அவர்கள் மொழிபெயர்ப்பிலோ அங்குள்ள நூலகங்களில் தேடுவதிலோ கைகொடுக்கலாம், அது பணத்துக்குக் குறைந்ததில்லை. கட்சிகளிடமிருந்தும் தேர்தலில் நிற்பவர்களிடமிருந்தும் நன்கொடை வாங்குவதில்லை என்று முதல் கூட்டத்திலேயே முடிவெடுத்தோம்.

பணத்தைக் குழுவின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். யாருடைய சொந்த எண்ணுக்கும் கூகுள் பே செய்ய வேண்டாம், எங்கள் உறுப்பினரே கேட்டாலும் கூட. ரொக்கமாகக் கொடுப்பவர்கள் எண் போட்டு அச்சிட்ட ரசீதைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு ஒரே தாளில் அச்சாகி, கொடுத்தவர் எல்லோருக்கும் வரும். ஏதாவது காரணத்தால் நூல் வேலை நின்றுபோனால் மிச்சமிருக்கும் பணம் பொதுக்கூட்டம் கூட்டி, நன்கொடையாளர்கள் சொல்லும் வழியில் செலவாகும்.

அடுத்த மார்ச் 5-க்குள் தேடல் வேலையை முடித்து, அதற்கடுத்த ஏப்ரல் 3-இல் பெருங்காமநல்லூர் நினைவுத் தூணருகே முதல் பிரதியைக் கொடுக்க வேண்டும் என்பது திட்டம். அதற்கு இந்தப் பொங்கலுக்குள் பாதித் தொகையாவது கைக்கு வந்தால்தான் மொழிபெயர்ப்பாளர்களுக்கு முன்பணம் கொடுத்து உட்கார வைக்க முடியும். கொடுக்க நினைப்பவர்கள் தள்ளிப்போடாமல் இப்போதே கொடுங்கள். உங்கள் வீட்டிலோ உறவிலோ ரேகைச் சட்டக் காலத்துத் தாள் ஒன்று இருந்தாலும் உடனே தகவல் சொல்லுங்கள், அந்த வாரமே ஆளை அனுப்புகிறோம்.

அன்புடன்,
தொகுப்புக் குழுவினர்,
மதுரை – உசிலம்பட்டி