சிகாகோவின் முதல் டிரம்பெட்: அடால்ஃப் ஹெர்செத்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேலைச் செவ்வியல் இசை பற்றித் தங்கள் நாளிதழ் அவ்வப்போது வெளியிடும் கட்டுரைகளை விடாமல் படித்து வருகிறேன். இசையமைப்பாளர்களையும், அவர்களுடைய படைப்புகளை மேடையேற்றிய நடத்துநர்களையும், வயலினிலோ பியானோவிலோ தனிக்கச்சேரி செய்து உலகம் சுற்றியவர்களையும் அக்கட்டுரைகள் நன்றாகவே அறிமுகப்படுத்துகின்றன. ஆனால், நூறு பேர் அமர்ந்திருக்கும் இசைக்குழுவுக்குள் ஒரே நாற்காலியில் பல்லாண்டுகள் இருந்து வாசித்து, அந்தக் குழுவின் குரலையே தீர்மானித்த கலைஞர்களைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றுவதில்லை. அத்தகையோரில் தலையாயவர் என்று நான் கருதும் அடால்ஃப் ஹெர்செத்தைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். 1948 முதல் 2001 வரை, ஐம்பத்து மூன்று கச்சேரிப் பருவங்கள், சிகாகோ சிம்பொனி இசைக்குழுவில், பித்தளையாலான ஊதுகருவியான டிரம்பெட்டின் முதன்மைக் கலைஞராக இருந்தவர் அவர்.

1921-ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த லேக் பார்க் என்ற சிற்றூரில் ஹெர்செத் பிறந்தார். அயோவா மாநிலத்தின் லூதர் கல்லூரியில் அவர் பயின்றது கணிதம். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் இசைப் பிரிவில் பணியாற்றிய பின்னர், பாஸ்டன் நகரின் நியூ இங்கிலாந்து இசைக் கல்லூரியில் சேர்ந்து, பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவின் டிரம்பெட் கலைஞர்களான ஜார்ஜ் மாஜே, மார்செல் லஃபோஸ் ஆகியோரிடம் பாடம் கேட்டார். அந்த மாணவப் பருவத்திலேயே சிகாகோ குழுவின் அப்போதைய தலைமை நடத்துநர் ஆர்தர் ரொட்ஜின்ஸ்கி அவரை நியூயார்க்குக்கு வரவழைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்ட கையோடு முதன்மை டிரம்பெட் பொறுப்பையே அவருக்கு அளித்தார். பெரிய இசைக்குழு எதிலும் பணியாற்றிய அனுபவம் இல்லாத இருபத்தாறு வயது இளைஞருக்கு இத்தகைய பொறுப்பை அளிப்பது துணிச்சலான முடிவுதான். அந்த முடிவை எடுத்தவரோ, ஹெர்செத் பணியில் சேர்வதற்கு முன்பே சிகாகோவிலிருந்து விலக நேர்ந்தது. தம்மைத் தேர்ந்தெடுத்தவரின் ஆதரவு இல்லாமலேயே அவர் அந்த நாற்காலியில் போய் அமர வேண்டியிருந்தது.

அந்த நாற்காலி எத்தகையது என்பதைச் சற்று விளக்கினால்தான் அவருடைய அருமை விளங்கும். ஒரு பெரிய இசைக்குழுவில் வயலின்கள் கும்பலாக அமர்ந்திருக்கும். அவற்றுள் ஒன்று பிசகினால் மற்றவற்றின் ஒலியில் அது மறைந்துவிடும். டிரம்பெட்டிலோ ஒவ்வொரு பகுதியையும் ஒருவரே வாசிக்கிறார். அவருடைய ஒலி மொத்தக் குழுவையும் தாண்டி அரங்கின் கடைசி வரிசை வரை போய்ச் சேரக்கூடியது. கருவியில் விரலால் அழுத்துவதற்கு இருப்பவை மூன்றே வால்வுகள். ஒரே விரலமைப்பில் பல சுரங்கள் பிறக்கின்றன என்பதால், அவற்றுள் எது ஒலிக்க வேண்டும் என்பதை உதடுகளின் இறுக்கமும் மூச்சின் வேகமுமே முடிவு செய்கின்றன. மேல் ஸ்தாயிக்குப் போகப் போக இந்தச் சுரங்கள் ஒன்றையொன்று நெருங்கிவிடுவதால், மயிரிழை பிசகினாலும் ஒலி அடுத்த சுரத்தில் இடறி விழும். இதற்கும் மேலாக, டிரம்பெட் கலைஞர் நெடுநேரம் சும்மா இருந்துவிட்டு, உதடும் கருவியும் ஆறிப்போன நிலையில், எந்த முன்னோட்டமும் இன்றி உச்சத்தில் நுழைய வேண்டியிருக்கும். தனிக்கச்சேரிக் கலைஞருக்குத் தாம் வாசிக்க வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை உண்டு. இசைக்குழுக் கலைஞருக்கோ வாரந்தோறும் எது முன்னே வைக்கப்படுகிறதோ அதுவே பாடம். இப்படியொரு பணியை அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒருவர் தாங்கியிருக்கிறார் என்பதே பெரிய செய்தி. ஆனால், ஹெர்செத்தை நீண்ட காலம் நீடித்தவர் என்பதற்காக மட்டும் போற்றுவது அவரைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

அவருடைய கலையை அறிய விரும்புபவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி 1874-இல் பியானோவுக்காக எழுதி, 1922-இல் மாரிஸ் ராவெல் இசைக்குழுவுக்காக மாற்றியமைத்த ‘ஓவியக் கண்காட்சியின் சித்திரங்கள்’ என்ற படைப்பைத்தான். மறைந்த நண்பரின் ஓவியங்களைப் பார்த்தபடி ஒருவர் கண்காட்சி அரங்கில் நடந்து செல்வதைச் சித்திரிக்கும் அதன் தொடக்க இசையை, ஐந்தும் ஆறுமாக மாறி மாறி வரும் தாளத்தில், டிரம்பெட் தன்னந்தனியாக எடுத்துக் கொடுக்கிறது. 1951-ஆம் ஆண்டு ஏப்ரலில் ரஃபயேல் கூபெலிக் நடத்த, மெர்க்குரி என்ற இசைத்தட்டு நிறுவனம் ஒரே ஒரு ஒலிவாங்கியைக் கொண்டு இதைச் சிகாகோவில் பதிவு செய்தது. அந்த இசைத்தட்டைக் கேட்ட நியூயார்க் டைம்ஸ் விமர்சகர், குழுவின் உயிர்ப்பான முன்னிலையிலேயே அமர்ந்திருப்பது போன்ற உணர்வைப் பற்றி எழுதப்போக, மெர்க்குரி தன் செவ்வியல் இசைத்தட்டு வரிசைக்கே அந்தச் சொற்களைப் பெயராகச் சூட்டிக்கொண்டது. புகழ் ஒலிப்பதிவு நுட்பத்துக்குப் போனது. போகட்டும், அதில் தவறில்லை. ஆயினும், அந்த இசைத்தட்டில் முதலில் ஒலிப்பது இருபத்தொன்பது வயது ஹெர்செத்தின் மூச்சு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்த ஆண்டு, 1952-இல், அவர் ஒரு கார் விபத்தில் சிக்கினார். உதடு கிழிந்தது, பற்கள் போயின. டிரம்பெட் கலைஞருக்கு இது எத்தகைய இழப்பு என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒலி பிறக்கும் இடமே சிதைந்துவிட்டது என்பதால், இனி அவர் வாசிக்கமாட்டார் என்று கருதுவதற்கு எல்லா நியாயமும் இருந்தது. அவரோ அந்த ஆண்டிலேயே தம் நாற்காலிக்குத் திரும்பினார். கண்டிப்புக்குப் பேர்போன ஃபிரிட்ஸ் ரைனர் 1953-இல் தலைமை நடத்துநராக வந்தபோது, அவருக்குக் கிடைத்தது இந்தப் பழுதுபட்ட உதட்டைக் கொண்டு வாசித்த டிரம்பெட்தான். ஸ்டீரியோ முறையின் தொடக்ககாலச் சாதனைகளுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படும், ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘இவ்வாறு சொன்னான் ஜராதுஷ்ட்ரா’ 1954-இல் பதிவாயிற்று. பார்டோக்கின் ‘இசைக்குழுவுக்கான கான்செர்ட்டோ’ 1955-இல் பதிவாயிற்று. 1957-இல் அதே முசோர்க்ஸ்கி படைப்பு ரைனரின் தலைமையில் மீண்டும் பதிவாயிற்று.

ஆக, விபத்துக்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக, ஒரே கலைஞர் ஒரே அரங்கில் வாசித்த ஒரே இசைத்தொடர் நம் கையில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். கூபெலிக்கின் பதிவில் நடை சற்று இளமைத் துடிப்போடு இருக்கிறது. ரைனரின் பதிவில் அது நூல் பிடித்தாற்போல் நிமிர்ந்து செல்கிறது. ஆனால், எது காயம்பட்ட உதடு என்று ஒலியை மட்டும் கொண்டு யாராலும் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. இதே படைப்பை அவர் 1976-இல் ஜூலினியின் தலைமையிலும், 1980-இல் ஷோல்ட்டியின் தலைமையிலும் மீண்டும் பதிவு செய்திருக்கிறார். அதன் நடுப்பகுதியில், செல்வரும் ஏழையுமாக இருவர் உரையாடும் காட்சியில், ஒலியடக்கி செருகிய டிரம்பெட் ஒரே சுரத்தைப் படபடவென்று திரும்பத் திரும்ப அடித்து, ஏழையின் இறைஞ்சும் குரலாக ஒலிக்கும். தொடக்கத்தில் அரங்கையே நிரப்பிய அதே மனிதர்தான் இங்கே இப்படிக் குறுகி ஒலிக்கிறார் என்பதை நம்புவது கடினம்.

ஜார்ஜ் ஷோல்ட்டி 1969-இல் பொறுப்பேற்று இருபத்திரண்டு ஆண்டுகள் சிகாகோ குழுவை வழிநடத்தினார். குழுவின் பெயர் உலகெங்கும் பரவிய காலம் அது. அந்தப் பரவலுக்கு அடையாளமாகவே ஆகிவிட்ட படைப்பு, முழு இசைக்குழுவுக்காக இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலர் எழுதிய ஐந்தாம் சிம்பொனி. இதன் தொடக்கமும் டிரம்பெட் மட்டுமே: பத்துக்கும் மேற்பட்ட பார்கள் (தாளக் கட்டங்கள்), ஒரு கருவிகூடத் துணைக்கு இல்லை. தாழ்ந்த ஒலியில், படை அணிவகுப்பின் அழைப்பைப் போல, மும்மூன்றாகத் தொடரும் சுரங்களில் தொடங்கி, படிப்படியாக ஏறி உச்சத்தைத் தொட்டதும் முழுக் குழுவும் இடியென வந்து சேரும். அந்த மும்மைச் சுரங்கள் படை இசையின் பாணியில் சற்றே விரைந்து ஒலிக்க வேண்டும் என்று மாலர் குறித்து வைத்திருக்கிறார். எவ்வளவு விரைவது என்பது வாசிப்பவரின் தீர்ப்பு. கூடுதலாக விரைந்தால் பதற்றமாகிவிடும். எண்ணி எண்ணி வைத்தால் பயிற்சிப் பாடமாகிவிடும். 1970-ஆம் ஆண்டு சிகாகோவின் மெடினா டெம்பிள் அரங்கில் ஷோல்ட்டி பதிவு செய்ததைக் கேட்பவர், ஹெர்செத் அந்த அளவை எவ்வளவு துல்லியமாகப் பிடித்திருக்கிறார் என்பதை உணர்வார். இறுதி ஊர்வலத்தின் பாரமும் படை அழைப்பின் கூர்மையும் ஒரே மூச்சில் இருக்கின்றன. சுரங்களுக்கு இடையே உள்ள மௌனங்கள்கூடத் தாளத்தை விட்டு நழுவுவதில்லை. கணிதம் படித்தவர் என்ற நினைப்பு எனக்கு இந்த இடத்தில் ஏனோ வந்து போகிறது.

ஷோல்ட்டி காலத்துச் சிகாகோவில் பித்தளைக் கருவிகள் மிகையாக ஒலித்தன, தந்திக் கருவிகளை அவை மூழ்கடித்தன என்றொரு குறை நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. அதில் உண்மையே இல்லை என்று வாதிட நான் முற்படவில்லை. சில பதிவுகளில் எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு. ஆனால், ஹெர்செத் உரக்க வாசித்தவர் என்ற அளவில் நிறுத்திக்கொள்பவர்கள், கிளாடியோ அபாடோவின் தலைமையில் அவர் பதிவு செய்த ஹைடனின் டிரம்பெட் கான்செர்ட்டோவை, அதாவது டிரம்பெட்டைத் தனித்து முன்னிறுத்திக் குழு உடன் வாசிக்கும் படைப்பை, கேட்க வேண்டும். 1796-இல், சாவிகள் பொருத்திய புதுவகை டிரம்பெட்டுக்காக ஹைடன் எழுதிய படைப்பு அது. அதன் இரண்டாம் பகுதி, வாய்ப்பாட்டைப் போல நிதானமாக இழைந்து செல்வது. அங்கே ஹெர்செத்திடம் ஆர்ப்பாட்டமே இல்லை. சுரத்துக்குச் சுரம் மூச்சு அறுபடாமல், அடங்கிய ஒலியிலும் நிறம் வெளிறாமல் அவர் பாடுகிறார். உரக்க ஒலிக்கும்போது அவருடைய டிரம்பெட் ஏன் கிறீச்சிடுவதில்லை என்பதற்கான விடையும் அந்த நிதானத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

தனியொருவராகவே அவர் இதைச் சாதித்தார் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. 1944 முதல் 1988 வரை அதே குழுவில் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியை வாசித்த ஆர்னல்டு ஜேக்கப்ஸ், ஹெர்செத்துக்கு நாற்பது ஆண்டுக் காலத் துணை. தசைகளைப் பற்றி யோசிக்காதே, எழ வேண்டிய ஒலியை மனத்தில் கேட்டு மூச்சைச் செலுத்து என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பேராசான் அவர். மற்றப் பித்தளைக் கருவிகளான டிராம்போனில் ஜே ஃபிரீட்மனும் ஹார்னில் டேல் கிளெவெஞ்சரும் 1960-களில் வந்து சேர்ந்தார்கள். கூபெலிக், ரைனர், மார்ட்டினோன், ஷோல்ட்டி, பேரன்போய்ம் என்று நடத்துநர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். ஒவ்வொருவரின் ரசனையும் வேறு. இருந்தும், பித்தளைக் கருவிகள் எழும் அந்த ஒரு கணத்தில் இது சிகாகோ என்று காது அடையாளம் கண்டுகொள்கிறது. நடத்துநரே ஒரு குழுவின் ஒலியைப் படைக்கிறார் என்ற, தங்கள் நாளிதழின் கட்டுரைகளிலும் தொனிக்கும் நம்பிக்கையோடு நான் முரண்படுவது இங்கேதான்.

டிரம்பெட்டில் அடிப்படைச் சுரத்தால் வேறுபடும் வகைகள் உண்டு; அமெரிக்க இசைக்குழுக்களில் பி ஃபிளாட் டிரம்பெட்டின் இடத்தைச் சி டிரம்பெட் பிடித்துக்கொண்டதில், பாஸ்டனில் அவருடைய ஆசிரியர் மாஜேவுக்கு இருந்த பங்கைப் போலவே சிகாகோவில் ஹெர்செத்துக்கும் பெரும் பங்கு உண்டு. அதைவிடப் பெரிய செல்வாக்கு இசைத்தட்டுகளின் வழியாக நேர்ந்தது. இசைக்குழுத் தேர்வுக்கு ஆயத்தமாகும் டிரம்பெட் மாணவர்கள் முசோர்க்ஸ்கியின் தொடக்கத்தையும் மாலரின் தொடக்கத்தையும் தவறாமல் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. பல தலைமுறை மாணவர்கள் அவற்றுக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டது ஹெர்செத்தின் பதிவுகளைத்தான். அவரை நேரில் கண்டிராதவர்களும் அவருடைய மாணவர்களே. எண்பது வயதை எட்டும் வேளையில் 2001-இல் முதன்மைப் பொறுப்பிலிருந்து விலகிய அவர், 2004-இல் குழுவிலிருந்தே ஓய்வு பெற்று, 2013 ஏப்ரல் 13 அன்று காலமானார். சிகாகோ சிம்பொனியில் முதன்மை டிரம்பெட்டுக்கான இருக்கை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆசிரியர் அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இனி ஒரு சிம்பொனியின் பதிவைப் பற்றித் தங்கள் இதழில் எழுதும்போது, நடத்துநர் பெயரோடும் ஆண்டோடும் நின்றுவிடாமல், அதில் தனியாக ஒலிக்கும் பகுதிகளை வாசித்தவர் யார் என்பதையும் இயன்றவரை குறிப்பிடச் செய்யுங்கள். பல இசைத்தட்டுகளின் உறைகளிலேயே அப்பெயர்கள் இருக்கின்றன. எடுத்து எழுதுவதற்கு ஒரு வரிதான் ஆகும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்