செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. கொடியேற்றம், பொங்கல் விழா, தெருவிளக்குப் பழுது ஆகியவை வழக்கம்போல் நடந்தன.

குழந்தைகளின் தடுப்பூசி அட்டைகளைச் சங்கம் சரிபார்த்ததைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. குடியிருப்போர் சங்கத்துக்கு இந்த வேலை எதற்கு என்று பொதுக்குழுவிலேயே கேட்டார்கள்.

6, 10, 14 வாரத்து ஊசிகள் பெரும்பாலும் தவறுவதில்லை. பிரசவத்துக்குப் போன தாய்வீட்டில் அந்த ஊர் சுகாதாரச் செவிலியரே நினைவுபடுத்திவிடுகிறார். குழந்தையோடு இங்கே திரும்பிய பிறகுதான் கோளாறு. அட்டை பாட்டி வீட்டுப் பீரோவில் கிடக்கிறது. இங்குள்ள செவிலியரின் பதிவேட்டில் குழந்தையின் பெயரே ஏறவில்லை. 9 மாதம் முடிந்ததும் போட வேண்டிய தட்டம்மை–ருபெல்லா ஊசி தள்ளிப்போகிறது. 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் இரண்டாம் தவணை பலருக்கு நினைவிலேயே இல்லை. முதல் ஊசி சில குழந்தைகளுக்கு எடுபடாது; தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச்சக்தி மிச்சமிருந்தால் அதுவே ஊசியின் வேலையைக் கெடுக்கும். இரண்டாவதை விட்டுவிடக் கூடாது என்பது அதனால்தான்.

வீடு மாறி வந்தவர்கள் ஒரு புதன்கிழமை அட்டையோடு ஆரம்ப சுகாதார நிலையம் சென்று பெயர் பதியுங்கள். காலையிலேயே போங்கள். கரைத்த தட்டம்மைத் தடுப்பூசி மருந்து 4 மணி நேரம்தான் தாங்கும், பிறகு கொட்டிவிடுவார்கள். ஊசிக்குப்பின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். சாதாரணச் சளி ஊசிக்குத் தடையல்ல. ஒரு தவணை விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தனியாரிடம் போட்டதையும் அதே அட்டையில் எழுதி வாங்குங்கள். 5 வயது பூஸ்டர், 10, 16 வயது ஊசிகளைப் பள்ளியில் போட்டிருப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள். கேட்டறிவது பெற்றோர் கடமை.

தட்டம்மை கண்ட பிள்ளை, தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்து 4 நாள் பின்பு வரை நோயைப் பரப்பும். வாசலில் வேப்பிலை கட்டுங்கள், தவறில்லை. கூடவே செவிலியருக்கும் சொல்லுங்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும். மறைத்தால், ஊசிக்கு வயதே ஆகாத பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து. சங்கம் இதில் தலையிட வேறு காரணம் வேண்டுமா?

மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புச் செய்தும், அட்டை கொண்டுவந்தவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே எல்லாம் போட்டு முடித்தவர்கள். யாருக்காக உட்கார்ந்திருந்தோமோ அவர்கள் வரவில்லை. சந்தா பாக்கியிலும் அதே பெயர்கள்தான் பெரும்பாலும் வருகின்றன என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

செலவு வரவுக்குள் அடங்கியது. அட்டைக்கான பிளாஸ்டிக் உறை, அறிவிப்புப் பலகை இரண்டுக்கும் பொது நிதியிலிருந்து எடுத்தோம். விவரம் பொருளாளரிடம் உள்ளது. இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், விடுமுறையில் வந்து உதவிய செவிலியர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் செவ்வாய்தோறும் மாலையில், மறுநாள் ஊசி இருக்கும் வீடுகளுக்குப் போன் செய்ய இருவர் வேண்டும். ஒருவரே எல்லா வீட்டுக்கும் பேசி முடிக்க முடியவில்லை. பெயர் கொடுக்க விரும்புவோருக்காகப் பதிவேடு கூட்ட அறை வாசலில் வைக்கப்பட்டிருக்கிறது. சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது.

செயலாளர்