வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுத் தோழர்களுக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்குழு குறித்த நாளில் கூடியது. செயற்குழு நான்கு முறை கூடியது. திட்டமிட்ட 24 அமர்வுகளில் 21 நடந்தன. புதிதாக ஆறு பேர் சேர்ந்தார்கள். நூலக அலமாரிக்குப் பட்டியல் போட்டாயிற்று.

மார்க்ஸ் தொடங்கி பண்பாட்டுக் கோட்பாடு வரை ஒரே ஆண்டில் வாசிப்பது என்று சென்ற பொதுக்குழு முடிவு செய்தது. பண்பாட்டைப் பற்றிப் பேச மார்க்சின் ‘மூலதனம்’ முதல் அத்தியாயம் எதற்கு, நேரே இத்தாலிய மார்க்சியர் கிராம்சிக்குப் போகலாமே என்று சிலர் கேட்டார்கள். அப்போது சுருக்கமாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. முழுப் பதிலை இங்கே பதிவு செய்வது என் கடமை.

முதல் பாகத்தின் முதல் அத்தியாயத்துக்கு மூன்று அமர்வுகள் ஒதுக்கினோம். முதல் அமர்வில் பயன்மதிப்பு (ஒரு பொருளின் பயன்பாடு), மதிப்பு (அதில் அடங்கிய சமூக உழைப்பு), உழைப்பின் இரட்டைத் தன்மை (பயனுள்ள பொருளை ஆக்குவது, மதிப்பை உருவாக்குவது). இரண்டாவதில் மதிப்பு வடிவம்: 20 கெஜம் லினன் துணி ஒரு மேல்கோட்டுக்குச் சமம் என்ற ஒரே சமன்பாட்டை மார்க்ஸ் எப்படி விரித்துக்கொண்டே போய்ப் பணம் வரை வருகிறார் என்பது. மூன்றாவதில் நான்காம் பிரிவு மட்டும், அதாவது பண்டத்தின் (விற்பனைக்காக ஆக்கப்படும் பொருளின்) மாய வழிபாடு. இந்த வரிசையை மாற்றினால் ஒரு தவறு நிச்சயம் வரும். நான்காம் பிரிவைத் தனியாக எடுத்து வாசிப்பவர் அதைக் ‘கடைப் பொருள்மேல் மனிதருக்கு இருக்கும் ஆசை’ என்றே எடுத்துக்கொள்கிறார். மார்க்ஸ் சொல்வது ஆசையைப் பற்றி அல்ல. தனித்தனியாக நடக்கும் உழைப்புகள் பரிமாற்றத்தில்தான் ஒன்றையொன்று சந்திக்கின்றன. அதனால் மனிதருக்கிடையிலான உறவு பொருள்களுக்கிடையிலான உறவாகத் தோற்றம் கொள்கிறது. ஒருவர் ஆசையைத் துறந்துவிட்டாலும் இந்தத் தோற்றம் போகாது. ‘பண்ட மோகம்’ என்ற மொழியாக்கத்தை நாம் விலக்கியதற்கும் இதுவே காரணம்.

ஹங்கேரிய மார்க்சியத் தத்துவவாதி லூக்காச்சின் 1923ஆம் ஆண்டு நூலான ‘வரலாறும் வர்க்க உணர்வும்’ நேராக இந்த நான்காம் பிரிவின்மேல் நிற்கிறது. மார்க்சின் 1844 பாரிஸ் கையெழுத்துப் படிகள் 1932இல்தான் அச்சாயின. அந்நியமாதல் (தன் உழைப்பும் அதன் விளைவும் உழைப்பவருக்கே அயலாவது) பற்றிய அந்தப் பக்கங்கள் அச்சில் வருவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, ‘மூலதன’த்திலிருந்து மட்டும் அதை ஒட்டிய ஒரு சிந்தனையை லூக்காச் தருவித்துவிட்டார். அங்கிருந்து ஜெர்மன் தத்துவவாதி அடோர்னோவுக்கு வருவோம். 1938 இசைக் கட்டுரையில், இசைக்குழு நடத்துநர் டோஸ்கனினியின் கச்சேரிக்குச் சீட்டு வாங்கியவர் உண்மையில் வழிபடுவது அந்தச் சீட்டுக்குத் தான் கொடுத்த பணத்தைத்தான் என்கிறார். இசையில் பயன்மதிப்பின் இடத்தைப் பரிமாற்ற மதிப்பு (சந்தையில் எதற்கு ஈடாகிறது என்பது) பிடித்துக்கொள்கிறது என்பது வாதம். பயன்மதிப்பும் பரிமாற்ற மதிப்பும் தெரியாதவர் காதில் இது பெரிய மனிதர் ஒருவரின் எரிச்சலாக மட்டுமே விழும்.

இதைச் சொல்லவேண்டிய கட்டாயம் வருகைப் பதிவேட்டிலிருந்து வருகிறது. ‘மூலதனம்’ அமர்வுகள் மூன்றுக்கும் வந்தவர்கள் முறையே 7, 5, 5. அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் ஒரு நூலில் எழுதிய ‘பண்பாட்டுத் தொழில்துறை’ பகுதிக்கான அமர்வுக்கு 31 பேர். அந்த 31 பேரில் முந்தைய அமர்வுகளுக்கு வந்திருந்தவர்கள் நான்கே பேர். விளைவு, இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் ‘சினிமா மக்களைக் கெடுக்கிறதா’ என்ற விவாதத்தில் போயிற்று. நூலில் அந்தக் கேள்வியே இல்லை. வந்தவர்களைக் குறை சொல்லவில்லை, ஆர்வத்தோடுதான் வந்தார்கள். ஆனால் அந்த ஐந்து பேர் மூன்று அமர்வுகள் உட்கார்ந்து கட்டியது அன்று பயன்படாமல் போனது உண்மை.

அடுத்து கலைச்சொல் அட்டைகள். இந்த ஆண்டின் முதன்மைப் பணி இதுவே என்று கருதுவதால் விரிவாக எழுதுகிறேன்.

ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. மேலே மூலமொழிச் சொல், அது வரும் நூல், பகுதி. அதன் கீழே மூன்று ஆண்டுகள்: எழுதிய ஆண்டு, அச்சான ஆண்டு, ஆங்கிலத்தில் வந்த ஆண்டு. பிறகு தமிழில் புழங்கும் சொற்கள் அனைத்தும். கடைசியாகச் சோதனை வாக்கியம்: மூலநூலிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து, ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் அதில் பொருத்திப் பார்ப்பது. வாக்கியம் உடைந்தால் சொல் விலக்கப்படும். அகராதியைப் பார்த்து முடிவு செய்வது கூடாது. அகராதி வாக்கியத்தைச் சோதிப்பதில்லை.

கிராம்சியின் ‘எகெமோனியா’வை (ஆங்கிலத்தில் ‘ஹெகமனி’) எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் ‘மேலாதிக்கம்’ என்கிறோம், ‘மேலாண்மை’ என்கிறோம், ‘கருத்தியல் மேலாண்மை’ என்கிறோம். ஒரு சமூகக் குழு ஆட்சியதிகாரத்தை வெல்லும் முன்பே தலைமை வகிக்க முடியும், வகிக்கவும் வேண்டும் என்பது கிராம்சியின் கருத்து. அந்த இடத்தில் ‘மேலாதிக்கம் செலுத்தவும் வேண்டும்’ என்று போட்டால் வாக்கியம் உடைகிறது. அடக்கி ஆள்வதையும் அறிவு, ஒழுக்கத் தலைமையையும் அவர் பிரித்துக் காட்டும் இடமே அதுதான். ‘மேலாண்மை’ இன்று கழிவு மேலாண்மை, பேரிடர் மேலாண்மை என்று நிர்வாகத்துக்குப் போய்விட்ட சொல். ‘கருத்தியல்’ என்ற முன்னொட்டைச் சேர்த்தால் வேறொரு இழப்பு: இந்தத் தலைமைக்குப் பொருளாதார அடிப்படையும் இருந்தாக வேண்டும் என்று கிராம்சியே வலியுறுத்துகிறார், அது மறைந்துவிடுகிறது. மூன்று அமர்வுகள் வாதாடியும் ஒத்த கருத்து வரவில்லை. ‘ஹெகமனி’ என்றே எழுதி, முதல்முறை வரும் இடத்தில் ‘இசைவு பெற்ற தலைமை’ என்று விளக்கம் தருவது என்று தற்காலிகமாக முடிவாகியுள்ளது.

அடித்தளம் (பொருளாதாரம்), மேற்கட்டுமானம் (சட்டம், அரசியல், கருத்துகள்) பற்றிய அட்டை இதைவிடப் பயன் தந்தது. ‘அரசியல் பொருளாதார விமர்சனத்துக்கு ஒரு பங்களிப்பு’ நூலின் 1859 முன்னுரையில் அடுத்தடுத்த இரு வாக்கியங்களில் மார்க்ஸ் இரண்டு ஜெர்மன் வினைச்சொற்களைப் பயன்படுத்துகிறார். உற்பத்தி முறை சமூக, அரசியல், அறிவு வாழ்க்கையை ‘பெடிங்ட்’, அதாவது அதற்கு நிபந்தனையாகிறது. சமூக இருப்பு உணர்வை ‘பெஷ்டிம்ட்’, அதாவது தீர்மானிக்கிறது. தமிழில் இரண்டையும் ‘தீர்மானிக்கிறது’ என்று எழுதிவிட்டால் மார்க்ஸ் உண்மையில் சொன்னதைவிட இறுக்கமான ஒரு சூத்திரம் கிடைக்கிறது. எங்கெல்ஸ் 1890 செப்டம்பரில் யோசேஃப் பிளாஹுக்கு எழுதிய கடிதத்தில், பொருளாதாரம் ஒன்றே தீர்மானிக்கும் காரணி என்று தாமும் மார்க்சும் ஒருபோதும் சொன்னதில்லை என்று மறுக்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் பண்பாட்டு விமர்சகர் ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் தீர்மானிப்பதை ‘எல்லை வகுப்பது, அழுத்தம் தருவது’ என்று விளக்கியதும் இந்தப் பழைய சிக்கலை அவிழ்க்கத்தான். பண்பாட்டுக் கோட்பாடு மார்க்சியத்தைக் கைவிட்டதால் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த ஓர் அட்டையைப் படித்தால், 1859இல் திறந்த கேள்வியோடுதான் அந்தக் கோட்பாட்டாளர்கள் கடைசி வரை மல்லுக்கட்டினார்கள் என்பது தெரியும்.

‘பண்பாட்டுத் தொழில்துறை’க்கு மாற்றாகப் புழங்கும் ‘கலாச்சாரத் தொழிற்சாலை’யும் விலக்கப்பட்டது. ‘தொழில்’ என்ற சொல்லை நேர்ப்பொருளில் எடுக்கவேண்டாம், அது படைப்பின் தரப்படுத்தலையும் விநியோகத்தின் ஒழுங்கமைப்பையும் குறிக்கிறது, உற்பத்தி நடைமுறையை அல்ல என்று அடோர்னோ பின்னாளில் எழுதினார். தொழிற்சாலை என்றதும் உற்பத்திதான் கண்முன் நிற்கும். வரைவில் தானும் ஹோர்க்ஹைமரும் ‘வெகுசனப் பண்பாடு’ என்று எழுதி, அது மக்களிடமிருந்து தானாக எழும் பண்பாடு என்று பொருள்படும் என்பதால் மாற்றியதாகவும் அவர் சொல்கிறார். அவர்களுக்கே சொல் இரண்டாம் முறைதான் சரியாக வந்திருக்கிறது.

அட்டையில் மூன்று ஆண்டுகளைக் குறிப்பது எதற்கு என்று கேட்டவர்களுக்கு: கிராம்சி முதல் குறிப்பேட்டைத் தொடங்கியது 1929 பிப்ரவரியில், சிறையில். இறந்தது 1937இல். இத்தாலியில் தலைப்புவாரியாகப் பிரித்து அச்சானது 1948 முதல் 1951 வரை. ஆங்கிலத்தில் பெரிய தொகுப்பு வந்தது 1971. எழுதிய வரிசையிலேயே இத்தாலியப் பதிப்பு வந்தது 1975இல். அதனால் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1964இல் பண்பாட்டு ஆய்வு மையம் தொடங்கியபோது இருந்த கிராம்சி வேறு, 1970களில் அந்த மையத்தின் ஸ்டுவர்ட் ஹால் குழுவினர் கையில் இருந்த கிராம்சி வேறு. சோவியத் மொழியியலாளர் வொலோஷினவின் மொழி பற்றிய நூல் 1929இல் லெனின்கிராட்டில் வந்தது, ஆங்கிலத்தில் 1973இல். ஜெர்மன் விமர்சகர் வால்டர் பெஞ்சமினின் கலைப்படைப்புக் கட்டுரை முதலில் வந்ததே 1936இல், மாற்றங்களோடு, பிரெஞ்சு மொழியில். எழுதிய ஆண்டை மட்டும் வைத்துக் கோடு போட்டால் எல்லாரும் ஒருவரை ஒருவர் படித்துக்கொண்டே எழுதியதுபோல் தோன்றும். அப்படி நடக்கவில்லை.

தொலைக்காட்சிச் செய்தியைப் பார்ப்பவர்கள் எப்படிப் பொருள்கொள்கிறார்கள் என்பது பற்றிய ஹாலின் 1973 கட்டுரை அமர்வு நன்றாக நடந்தது. ஒரு திருத்தம் மட்டும்: ஆதிக்க வாசிப்பு, இணங்கியும் பிணங்கியும் வாசிப்பது, எதிர் வாசிப்பு என்பவை மூன்று வகை மனிதர்கள் அல்ல, மூன்று நிலைகள். ஒரே ஆள் ஒரே செய்தியறிக்கையில் ஊதிய உயர்வுக் கோரிக்கை பொதுவாக நாட்டைக் கெடுக்கும் என்று ஏற்றுக்கொண்டு, தன் ஆலை வேலைநிறுத்தம் நியாயம் என்றும் சொல்லலாம். இரண்டாவது நிலை என்பது அதுதான். ஆதிக்கக் கருத்து ஆளை முழுதாக விழுங்காமலே எப்படி நிலைக்கிறது என்பதை அங்கேதான் பார்க்கலாம்.

120 அட்டைகள் இலக்கு. 64 முடிந்துள்ளன. வீட்டுக்கு எடுத்துச் சென்ற 22 அட்டைகள் இன்னும் திரும்பவில்லை. அவற்றில் பிரெஞ்சு மார்க்சியத் தத்துவவாதி அல்தூசரின் சொற்களுக்கான அட்டைகள் எல்லாம் அடக்கம். அதனால் அவருடைய 1970 கருத்தியல் கட்டுரைக்கான அமர்வு இருமுறை தள்ளிப்போய் நடக்காமலே போனது. நடக்காத மூன்றில் அது ஒன்று. மற்ற இரண்டும் போதிய ஆள் வராததால் கைவிடப்பட்டவை.

வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால், வரவு செலவுக்கு ஓரளவு ஈடுகொடுத்தது. நகலெடுக்கும் செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடுதல், நூல் வாங்கும் தொகை அதற்குத் திருப்பிவிடப்பட்டது. சந்தா செலுத்தாதோர் பட்டியலை இங்கே வாசிக்கப்போவதில்லை. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரண்டாவது ஆண்டாக நிலுவை வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். நூலகத்திலிருந்து போன ‘மூலதனம்’ முதல் பாகம் இரண்டு பிரதிகளும் வெளியே உள்ளன. முதல் அத்தியாய அமர்வை நகல் தாள்களை வைத்து நடத்த வேண்டியிருந்ததற்கு அதுவே காரணம்.

தலைவர், பொருளாளர், இடம் தந்து உதவியவர்கள், ஒவ்வொரு அமர்வுக்கும் தேநீர் ஏற்பாடு செய்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு அமெரிக்க விமர்சகர் ஜேம்சன் பின்நவீனத்துவம் பற்றி எழுதிய 1984 கட்டுரையும் விடுபட்ட அல்தூசரும் செயற்குழுவின் முன்மொழிவு. அதற்கு முன் மீதி 56 அட்டைகள் முடிய வேண்டும். ஒருவர் இரண்டு அட்டை எடுத்தாலே போதும்; ஒரு அட்டைக்கு இரண்டு மாலைகள் பிடிக்கும். ஜெர்மன் மூலத்தைப் படிக்கக்கூடியவர் ஒருவர் இருந்தால் 1844 கையெழுத்துப் படிகளில் ‘அந்நியமாதல்’ என்று நாம் ஒரே சொல்லால் எழுதும் இரண்டு சொற்களையும் பிரித்துவிடலாம். வெற்று அட்டைகள் மேசையில் உள்ளன. கூட்டம் முடிந்து போகும்போது எடுத்துச் செல்பவர்கள், பெயரையும் திருப்பித் தரும் தேதியையும் பதிவேட்டில் எழுதிவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்